தண்ணீர் எங்கே போகிறது?

அம்மாவைக் கண் பரிசோதனைக்காக மதுரைக்கு அழைத்துச் சென்ற 2023 மே மாதக் காலை ஒன்றில், கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்புச் சாலை பிரியும் இடத்தைக் கடந்த சில நிமிடங்களில், எங்கள் காரின் முன்பக்கத்திலிருந்து வெண்புகை எழுந்தது. முதலில் அதைச் சாலைப் புழுதி என்றே நினைத்தேன். வெப்பத்தைக் காட்டும் முள் வழக்கம்போல நடுவில் அமைதியாக நின்றிருந்தது. பிறகுதான் அது புகையன்று, நீராவி என்று புரிந்தது. புளியமர நிழல் ஒன்றில் வண்டியை ஓரங்கட்டி, முன்மூடியைத் தூக்கி, தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் மூடியைத் திருகப் போனேன்.

பின்னிருக்கையிலிருந்து அம்மா கத்தினாள்: “ஏய்யா, மூடியத் தொறக்காத! அப்பா என்ன சொல்லுவாரு? அது தணியட்டும்.”

கை நின்றது. அம்மா ஒருநாளும் வண்டி ஓட்டியவள் அல்லள். ஆனால் அப்பாவோடு குற்றாலத்துக்கும் மதுரைக்குமாக இதே வண்டியில் பலமுறை போய்வந்தவள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர், மூடி திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும் என்பதை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அப்பா சொல்லக் கேட்டிருந்தாள். நானும்தான் கேட்டிருந்தேன். எனக்கு மறந்திருந்தது. முக்கால் மணி நேரம் அந்த மரத்தடியில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். கண் மருத்துவமனையில் அன்றைக்குப் பெற்றிருந்த முறை தவறிப்போயிற்று.

அது 1999ஆம் ஆண்டின் மாருதி 800. இராசபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எழுத்தராக இருந்த அப்பா, கடன் வாங்கி எடுத்த வண்டி. 1983 டிசம்பரில் இந்தியச் சாலைகளுக்கு வந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன அந்த வகைக் கார், எங்களைப் போன்ற குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் காராக அமைந்தது. மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் கொண்ட சிறிய எஞ்சின். கொஞ்சம் கவனித்தால் போதும், நெடுங்காலம் உழைக்கும். நான் சொல்லவிருக்கும் கோளாறு வண்டியுடையது அன்று, என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

2018இல் அப்பா மறைந்தபின் வண்டி என் கைக்கு வந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்பது அப்போதே எனக்குத் தெரியும். எப்போதாவது ஊற்றிக்கொண்டிருந்தது வாரம் ஒருமுறை என்றாகி, கடைசி ஓராண்டில் தினந்தோறும் காலையில் அரை லிட்டர் என்று வந்து நின்றது. வாசல் தெளிப்பதுபோல அதுவும் ஓர் அன்றாடக் கடமையாயிற்று. ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் ஒரு பாட்டிலைப் பிடித்து ஊற்றிவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவேன். இடையிடையே சிகிச்சையும் நடந்தது. ஒரு பட்டறையில், ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். இன்னொன்றில் தண்ணீர்ப் பம்பை மாற்றினார்கள். மூன்றாவதில், சூடேறினால் மட்டும் சுழல வேண்டிய மின்விசிறியை, சாவியைத் திருப்பியதும் ஓடும்படி நேராக இணைத்து, ‘டைரக்ட் பண்ணியாச்சு, இனிக் கவலையில்ல’ என்றார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் சில வாரங்கள் நிம்மதி, அதன்பின் மறுபடியும் பாட்டில்.

கிருஷ்ணன்கோவில் நிகழ்ச்சிக்குப் பிறகு, உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் சொல்லி, இராசபாளையம் தென்காசி சாலையிலிருந்து உள்ளொடுங்கிய சந்து ஒன்றில் இருக்கும் பட்டறைக்குப் போனேன். அறுபது வயதை ஒட்டிய மனிதர். எல்லாருக்கும் அண்ணாச்சி. தகரக் கூரையின் கீழ் இரண்டு வண்டிகள் நின்றன. வாசலில் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக ஓர் இராசபாளையம் நாய், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

நான் என் மருத்துவ வரலாற்றை ஒப்பித்தேன். தெர்மோஸ்டாட், பம்ப், விசிறி, தினம் அரை லிட்டர். அண்ணாச்சி முன்மூடியைத் தூக்கவே இல்லை.

“அதெல்லாம் சரி சார். அந்தத் தண்ணி எங்க போகுது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ‘குறையுது அண்ணாச்சி’ என்றேன்.

“கொறையுதுன்னா எங்கயாச்சும் போயிருக்கணும்ல. இவ்வளவு நாள் ஊத்தியிருக்கீங்க. ஒருநாளாவது கேட்டீங்களா?”

வகுப்பில் கேள்வி கேட்டே பழகியவனுக்கு இது சற்று உறைத்தது. அவர் விரல்விட்டு எண்ணினார். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் காணாமற்போக மூன்றே வழிகள். ஒன்று, வெளியே ஒழுகுவது. குழாய், பம்ப், ரேடியேட்டர், மூடி என்று எதன் வழியாகவும் அது நடக்கலாம். இரண்டு, எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையில் உள்ள ஹெட் கேஸ்கெட் பழுதாகி, எரியும் அறைக்குள் புகுந்து ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறுவது. மூன்று, அதே பழுதினாலோ உலோகத்தில் விழுந்த விரிசலினாலோ எஞ்சின் எண்ணெயில் கலப்பது. “மூணுல எதுன்னு தெரியாம சாமானை மாத்துனா, கண்ணக் கட்டிட்டு ஊசி போடுற மாதிரிதான்” என்றார்.

வண்டியை அன்றிரவு அங்கேயே விட்டுவிட்டு வரச்சொன்னார். மறுநாள் மாலை வகுப்புகள் முடிந்து போனபோது, மூன்றாவது வழியிலிருந்து தொடங்கி விடையைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு வந்திருந்தார். எண்ணெய் அளவுக் குச்சியை உருவிக் காட்டினார். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் மோர்போல வெளுத்துக் குழம்பியிருக்கும். கறுப்பாக, தெளிவாகவே இருந்தது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ரேடியேட்டரின் மூடியைத் திறந்துவைத்தபடியே இயக்கிப் பார்த்தாராம். கேஸ்கெட் போயிருந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைந்து குமிழ் குமிழாக விடாமல் வரும். வரவில்லை. சூடேறிய பிறகும் புகைக்குழாயில் வெண்புகை தொடரவில்லை. ஆக, இரண்டும் மூன்றும் விலகின. எனக்குப் போன உயிர் வந்தது. கேஸ்கெட் வேலை என்றால் எஞ்சினின் அலுமினியத் தலையையே கழற்ற வேண்டும். அது வளைந்திருந்தால் கடைசலுக்கு அனுப்ப வேண்டும். என் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு அதில் போயிருக்கும்.

மிஞ்சியது முதல் வழி. ஆனால் இரவெல்லாம் வண்டிக்கடியில் விரித்திருந்த அட்டையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. “நிக்கிறப்ப ஒழுகல. அப்ப ஓடுறப்பதான் போகுது. எப்படி ஓடுறப்பன்னு தெரிஞ்சா தேவலை. கணக்கு ஏதும் வச்சிருக்கீங்களா சார்?” என்றார் அண்ணாச்சி.

நான் வைத்திருக்கவில்லை. அப்பா வைத்திருந்தார். கையுறைப் பெட்டியில் வண்டிச் சான்றிதழ்களுக்கு அடியில், காலிகோ அட்டை போட்ட அவருடைய நீளக் குறிப்பேடு ஐந்தாண்டுகளாகப் படுத்துக் கிடந்தது. ஆலையில் பேரேடு எழுதிய கை. தேதி, போன இடம், கிலோமீட்டர், பெட்ரோல், காற்று, தேநீர் என எல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். அவர் போனபின் நான் அதைப் பிரித்ததில்லை. அவர் கையெழுத்தைப் பார்க்கும் துணிவு இல்லை என்பதுதான் உண்மை. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். 2016 ஏப்ரலில் முதன்முறையாக ஒரு புதிய குறிப்பு வந்தது: ‘தண். ½’. அதன்பின் சில வாரங்கள் இல்லை. மறுபடி ‘தண். ½’.

“எந்தெந்த ஊரு, வாசிங்க.”

வாசித்தேன். மதுரை. செங்கோட்டை. மறுபடி மதுரை. புனலூர். திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையேயான பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றின் நேரே அந்தக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. மதுரை என்றால் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொடர்ந்து விரட்டுவது. புனலூர் என்றால் புளியரை தாண்டி மலையேறுவது. எஞ்சின் முழுச்சூட்டில் நெடுநேரம் உழைத்த நாட்களில் மட்டுமே தண்ணீர் போயிருக்கிறது.

“ஒங்க அப்பா அப்பவே எழுதிவச்சிட்டாரு சார். படிக்கத்தான் ஆளில்லை.”

இருபது ஆண்டுகளாகப் பனுவல்களுக்குப் பொருள் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் அப்பாவின் பனுவலுக்கு உரை எழுத ஒரு பட்டறைக்காரர் தேவைப்பட்டார்.

அண்ணாச்சி பெட்டியிலிருந்து கைப்பம்பு போன்ற கருவி ஒன்றை எடுத்து, ரேடியேட்டரின் வாயில் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். முள் ஏறிய இடத்திலேயே நின்றது. ரேடியேட்டரிலும் குழாய்களிலும் பம்பிலும் ஒழுக்கில்லை. பிறகு ரேடியேட்டரின் மூடியை அதே கருவியில் பொருத்தி அழுத்தினார். முள் ஏற ஏறச் சரிந்தது. மூடியைப் புரட்டிக் காட்டினார். அடியிலிருந்த ரப்பர் வளையம் கல்லாய் இறுகி வெடித்திருந்தது. சுருள்வில்லில் விசையே இல்லை.

அந்த மூடியை வெறும் மூடி என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஓர் அடைப்பிதழ். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆண்டாள் கோவிலைச் சுற்றியுள்ள கடைகளுக்காகப் பால்கோவா காய்ச்சும் சட்டி வாயகன்றது. அதில் நீரெல்லாம் ஆவியாகிப் போக வேண்டும் என்பதுதான் நோக்கமே. காரின் குளிர்விப்பு அமைப்போ பிரஷர் குக்கர் போன்றது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அந்த மூடி தாங்கிப்பிடிக்கும் ஏறத்தாழ 0.9 கிலோ மிகை அழுத்தத்தில் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். அந்தப் பதினெட்டு டிகிரிதான் மலையேற்றத்திலும் மே மாத வெயிலிலும் எஞ்சினைக் காப்பது. அழுத்தம் அளவைக் கடந்தால் மூடி கொஞ்சம் தண்ணீரைப் பக்கத்திலிருக்கும் சேமிப்புக் குடுவைக்கு விடும். எஞ்சின் குளிரும்போது அதை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எங்கள் மூடியால் பிடித்துவைக்கவும் இயலவில்லை, திரும்ப இழுக்கவும் இயலவில்லை. போன தண்ணீர் குடுவையில் நிரம்பி, வழிந்து, ஓடும் சாலையில் யாரும் காணாமல் சிந்திக்கொண்டே போயிருக்கிறது. குக்கராக இருக்க வேண்டியதைப் பால்கோவாச் சட்டியாக வைத்து ஓட்டியிருக்கிறோம். புது மூடியின் விலை ஒரு கிலோ பால்கோவாவின் விலைகூட இல்லை.

கதை அதோடு முடியவில்லை. நோய் சிறியது. நான் செய்வித்த மருத்துவம்தான் பெரியது. தெர்மோஸ்டாட் என்பது மெழுகு உருகி விரிவதால் திறக்கும் ஒரு கதவு. 80 டிகிரியைத் தாண்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்து, எஞ்சின் விரைவில் உரிய சூட்டை அடைய உதவுகிறது. அதைக் கழற்றியதால் என் பத்துக் கிலோமீட்டர் ஓட்டங்களில் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமலே ஓடிப் பெட்ரோலையும் தன்னையும் தின்றது. விசிறியை இடைவிடாமல் ஓடவிட்டதால், ஊருக்குள் நெரிசலில் நின்றபோது தெரிந்திருக்க வேண்டிய சூடு தெரியாமற்போனது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருந்த உப்பு, வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அதுபோல ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து பாதியை அடைத்திருந்தது. வடித்த தண்ணீர் துருவேறிச் செம்மண் கரைசல்போல வந்தது.

‘முள் ஏன் ஏறவில்லை?’ என்று கேட்டேன். அதுதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. சூட்டை அளக்கும் உணரி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் அதற்கும் கீழே இறங்கிவிட்டால், வெறும் ஆவியின் நடுவே நின்றுகொண்டு அது நம்பத்தகாத கணக்கைச் சொல்லும். “தண்ணியே இல்லாதப்ப முள்ளு அமைதியாத்தான் நிக்கும் சார். அதுதான் பயப்பட வேண்டிய அமைதி” என்றார் அண்ணாச்சி.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தி, விசிறியை அதன் பழைய இணைப்புக்கே மாற்றினார். தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் ஊற்றினார். பனியே பெய்யாத ஊருக்கு உறைதடுப்பான் எதற்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். அது உறைவதைத் தடுப்பதற்கு மட்டும் அன்று. கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துகிறது. அதிலுள்ள சேர்மங்கள் துருவையும் அரிப்பையும் தடுக்கின்றன. உப்பில்லாத வடிநீரில் கலந்து ஊற்றி, குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். பழைய கூலன்ட்டைத் தரையில் விடாமல் வாளியில் பிடித்து மூடிவைப்பது அவருடைய வழக்கம். எத்திலீன் கிளைக்கால் என்ற அந்த வேதிப்பொருள் இனிக்கும், நாய்கள் நக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். “முன்னால ஒண்ணை அப்படித்தான் விட்டேன்” என்று வாசலில் படுத்திருந்ததைப் பார்த்தபடி சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

பணம் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது குறிப்பேட்டை நீட்டினார். “பதினெட்டு பிப்ரவரியோட நிக்குது. அப்புறம் ஏன் சார் எழுதல?”

அன்றிரவு அதைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். வண்டிக்காக அன்று, அப்பாவுக்காக. பட்டறையில் நாங்கள் தண்ணீர்ப் பத்தியை மட்டுமே பார்த்திருந்தோம். அதற்கடுத்த சில்லறைச் செலவுப் பத்தியில் ‘வாயு மாத்.’ என்று ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. 2016இல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2017 புரட்டாசியில் வாரந்தோறும் இருந்தது. எந்தெந்த ஊர் என்று பார்க்க என் கை தானாகவே இடப்பக்கம் நகர்ந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகள். ஊருக்கு வெளியே திருவண்ணாமலைக் குன்றில் இருக்கும் சீனிவாசப் பெருமாளை அப்பா படியேறிச் சேவித்த நாட்கள். மற்றவை, பேருந்து நிலையத்திலிருந்து அரிசி மூட்டை தூக்கிய நாள், திருமண வேலைக்காக அலைந்த நாள். சும்மா இருந்த நாட்களில் மாத்திரை இல்லை. உழைத்த நாட்களில் மட்டும்தான். 2018 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த மாத்திரைகள் இதயத்தின் முன்னறிவிப்புகளாகத்தான் இருந்தன என்று இன்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் உழைக்கும்போது வந்து ஓய்ந்தால் போகும் நெஞ்சுத் தொல்லையை வாயு என்று ஒதுக்கக் கூடாது என்பது இப்போது எனக்குத் தெரியும். அப்போது அவர் ‘வாயுப்பா’ என்றார், நான் போய் மாத்திரை வாங்கி வந்தேன். பாட்டிலில் தண்ணீர் பிடித்ததுபோல.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதில் 948ஆம் குறளை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். முதலில் நோயை அறிய வேண்டும், பின் அதன் காரணத்தை, அதன்பின் தணிக்கும் வழியை. செயல் கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசைமுறையின் அழகைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்னால் முடியும். வாழ்க்கையில் நான் செயலில் தொடங்கிச் செயலிலேயே முடித்திருக்கிறேன். குறைவதை நிரப்புவது கடமையைச் செய்த நிறைவைத் தருகிறது. அந்த நிறைவுதான் கேள்வி கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

மறுநாள் குறிப்பேட்டை அம்மாவிடம் காட்டினேன். அவள் அந்தப் பத்தியை விரலால் தடவினாள். “கேட்டா வாயுன்னு சொல்லிருவாரு. நானும் சரின்னுருவேன்” என்றாள். வெகுநேரம் வேறெதுவும் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் மதுரைக்குப் போனோம். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது இருவருமே முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து, வண்டி நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்தேன். விளிம்புவரை இருந்தது. அப்பாவின் குறிப்பேட்டில் அவர் நிறுத்திய வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, ‘தண். இல்லை’ என்று முடித்தேன்.

படியேறும்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். ‘என்னம்மா?’ என்றேன். “ஒண்ணுமில்லய்யா, முட்டிதான். வயசாச்சுல்ல. தைலம் இருந்தா எடு.”

தைலத்தை எடுக்கப் போனவன் திரும்பி வந்து அவளருகே படியில் உட்கார்ந்தேன்.

“எப்ப இருந்தும்மா? ஏறுறப்ப மட்டுமா, உக்காந்து எந்திரிக்கிறப்பவுமா?”